ஆலை வெடித்தால் குற்றவாளி யார்?

பட்டாசு ஆலை வெடித்த மறுநாள் மதுரைப் பதிப்பு நாளிதழ்களைப் புரட்டினால், இறந்தவர்களின் எண்ணிக்கைக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு. ஊரும் எண்ணிக்கையும்தான் மாறுகின்றன. 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி, 38 பேர். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம், 20 பேருக்கு மேல். 2022 நவம்பர் 10, மதுரை மாவட்டத்திலேயே, திருமங்கலம் வட்டாரத்து அழகுசிறை, 5 பேர். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம், 13 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. இது முழுப் பட்டியல் அல்ல.

இத்தனை சாவுகளுக்கும் சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது, எவ்வளவு தண்டிக்கிறது என்ற கேள்வி வெடித்த வாரத்தில் எழுந்து அடுத்த வாரத்தில் அடங்கிவிடுகிறது. பதில் சிக்கலானது என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சிக்கல் தொடங்கும் இடம் உரிமம்.

பட்டாசு ஆலை உரிமங்கள் பல தரத்தவை. 15 கிலோ வரை வெடிமருந்து கையாளும் சிறிய ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் தருகிறது. அதை டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்பார்கள். பெரிய ஆலைகளுக்கு நாக்பூரில் தலைமையகம் கொண்ட மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் தருகிறது. ஊர்வழக்கில் நாக்பூர் லைசென்ஸ். எந்த அறையில் மருந்து கலப்பது, எதில் மருந்து செலுத்துவது, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, ஓர் அறையில் எத்தனை பேர் என்பதெல்லாம் உரிமத்தோடு வரும் வரைபடத்திலும் விதிகளிலும் இருக்கின்றன. நான்கு பேருக்கு மேல் ஓர் அறையில் உட்காரக் கூடாது என்பது பட்டாசு ஊர்களில் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும்.

அந்தத் தாள் ஒருவர் பெயரில் இருக்க, வேலை இன்னொருவர் கையில் நடப்பதே கோளாறு. உரிமதாரர் ஆலையைக் குத்தகைக்கு விடுகிறார். குத்தகை எடுத்தவர் அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுகிறார். கொடுத்த குத்தகைப் பணத்தைத் தீபாவளிக்கு முன் எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில், நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். மரத்தடியிலும் வேலை நடக்கிறது. வானம் பார்த்த பூமியில் வேறு கூலி கிடைக்காதவர்கள் மறுத்துப் பேச முடியாது. பேன்சி ரகத்துக்கான மருந்தைக் கலக்கும்போது ஏற்படும் சிறு உராய்வு போதும். ஓர் அறையோடு நிற்க வேண்டிய தீ, விதிகளை மீறிய ஆலையில் எல்லா அறைகளுக்கும் தாவுகிறது.

அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலை குத்தகைக்கு விடப்பட்டிருந்தது அங்கும் வெளிச்சத்துக்கு வந்தது. முதலிப்பட்டியில் நிலைமை இன்னும் மோசம். விதிமீறல்களுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆலை இயங்கிக்கொண்டிருந்தது. முதல் வெடியைக் கேட்டு உதவிக்கு ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடுத்த வெடியில் மாண்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரே விபத்துக்கு இரண்டு வழியில் வழக்கு வரலாம்: காவல் துறை தொடுக்கும் குற்ற வழக்கு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தொடுக்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்ட வழக்கு. மக்கள் முதலாவதை மட்டுமே அறிவார்கள்.

குற்ற வழக்கில் எல்லாம் ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது: அலட்சியமா, அறிந்து செய்ததா? அலட்சியத்தால் மரணம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை 5 ஆண்டாக்கியது. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்தார்கள் என்று நிரூபித்தால் அது கொலை ஆகாத மரணம் விளைவித்தல். 105ஆம் பிரிவின் கீழ் 10 ஆண்டு வரை சிறை. இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் முதலாளிகளின் பாதுகாப்பு.

போபால் வழக்கு அந்தத் தூரத்தில்தான் தொலைந்தது. 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அறிந்து செய்த குற்றமாகவே வழக்குத் தொடங்கியது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை 304ஏ பிரிவுக்கு இறக்கியது. 2010 ஜூன் 7ஆம் தேதி, இருபத்தைந்தரை ஆண்டுகள் கழித்து, இந்திய அதிகாரிகள் 7 பேருக்கு 2 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அன்றே ஜாமீனும் கிடைத்தது. இந்திய நிறுவனத்துக்கு அபராதம் 5 லட்சம் ரூபாய் சொச்சம். உலகின் மிகக் கொடிய தொழிற்சாலைப் பேரழிவுக்கு ஒரு நிறுவனம் கட்ட வேண்டிய தொகை இவ்வளவுதான் என்றது நம் சட்டம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் குறை எழுதிக் கொடுத்த பிறகும், உரிமம் நிறுத்தப்பட்ட பிறகும் ஆலையை ஓட்டுகிறவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எழுத்துமூலமான எச்சரிக்கையைவிட நல்ல சாட்சி எது? அப்படிப்பட்ட வழக்குகளில் 105ஆம் பிரிவைச் சேர்ப்பதோடு நில்லாமல், அதை ஆவணங்களால் நிலைநிறுத்துவது புலனாய்வு அதிகாரியின் கடமை.

சரி, ஆளைச் சிறையில் அடைக்கலாம், நிறுவனத்தை? சிறைத் தண்டனை கட்டாயமான குற்றத்தில், உடலே இல்லாத நிறுவனத்தின் மீது வழக்கே தொடர முடியாது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடின. 2005இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், அந்த வாதத்தைத் தள்ளியது. சிறை முடியாவிட்டால் அபராதம் விதிக்கலாம், வழக்கிலிருந்து தப்ப முடியாது என்பது தீர்ப்பு. அதேசமயம், இயக்குநர் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. அவருடைய பங்கு இருக்க வேண்டும், அல்லது சட்டமே அவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று 2015இல் சுனில் பாரதி மிட்டல் வழக்கில் அந்த நீதிமன்றம் சொன்னது.

தொழிற்சாலைச் சட்டம் அந்த வேலையைச் செய்தது. நிறுவனம் நடத்தும் ஆலையில் இயக்குநர்களில் ஒருவரே சட்டப்படிப் பொறுப்பாளர். சம்பளத்துக்கு வேலை செய்யும் மேலாளரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு இயக்குநர்கள் ஒதுங்க முடியாது என்பதை 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்குப் பிறகும் முதல் கைது போர்மேனாகவே இருப்பது சட்டத்தின் குறையல்ல, அதைக் கையாள்பவர்களின் குறை.

தண்டனை அளவில்தான் சட்டமே குறையுடையது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், உயிர்ச் சேதம் நேர்ந்தால் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாயாக இருந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 5 லட்சமாக உயர்த்தியது. 2 ஆண்டு வரை சிறை, அல்லது அந்த அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்கு வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது புதிய சட்டத்தின் நல்ல அம்சம். மேல்வரம்பும் இல்லை. ஆனால் எந்த அளவு நிறுவனத்துக்கு எவ்வளவு என்று நீதிபதிக்கு வழிகாட்டும் அளவுகோல் எதுவும் கிடையாது. டிஆர்ஓ லைசென்ஸ் ஆலைக்கும் பல நூறு கோடி புரட்டும் கம்பெனிக்கும் அதே 5 லட்சம் தொடக்கம். முன்னவருக்கு அது இடி. பின்னவருக்கு ஒரு நாள் கணக்கில்கூடத் தெரியாது.

பிரிட்டனும் இதே இடத்தில் தடுமாறிய நாடுதான். 1987இல் பெல்ஜியக் கரையோரம் பயணிகள் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்த வழக்கில், குற்றத்தைச் சுமத்த மேல்மட்டத்தில் ஒரு தனி ஆளைக் காட்ட முடியாததால் கப்பல் நிறுவனம் தப்பியது. நிறுவனத்தின் நிர்வாக முறையே கொன்றது என்று நிரூபித்தால் போதும் என்ற சட்டம் 2007இல் வந்தது. 2016 முதல், ஆண்டு விற்றுமுதலைப் பார்த்தே அபராதம் கணக்கிடப்படுகிறது. பெரிய நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு வரை. தென்கொரியா இன்னும் கடுமை. அங்கே 2022 முதல், பாதுகாப்புக் கடமையைச் செய்யாமல் தொழிலாளி இறக்கக் காரணமான தலைமை நிர்வாகிக்கு ஓராண்டு சிறையாவது உண்டு, அல்லது அபராதம். 2024 ஜூனில் ஹ்வாசொங் நகரப் பேட்டரி ஆலைத் தீயில் 23 பேர் கருகினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே விசாரணை நீதிமன்றம் தலைமை நிர்வாகிக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. தண்டனையின் நீளத்தைவிட, ஒன்றேகால் ஆண்டில் தீர்ப்பு வந்ததைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இது பட்டாசு ஆலையோடு முடிகிற விஷயமும் அல்ல. 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில், மாநகராட்சியின் கழிவுநீரேற்றும் நிலையத் தொட்டியில் விஷவாயு தாக்கி மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கும் வேலை ஒருவருடையது, ஒப்பந்தம் இன்னொருவருடையது. பொறுப்பை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கைமாற்றிவிடும் பழக்கம் எல்லாத் தொழில்களிலும் ஊறியிருக்கிறது.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அரசின் நிவாரணமோ, தீர்ப்பாயத்தின் இழப்பீடோ வாங்கிவிட்டதால் குற்ற வழக்கு முடிந்துவிடாது. பணம் கொடுத்து வழக்கை வாபஸ் வாங்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள், உரிமதாரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல் துறையின் கடமை. விபத்து 2024 ஜூலைக்கு முந்தியது என்றால் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், சிறிய பிரிவில் தண்டிக்கப்பட்டாலும், இழப்பீடு குறைவாக இருந்தாலும் குடும்பமே மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்யும் உரிமை மட்டும் குடும்பத்துக்கு இல்லை, அரசுக்குத்தான் உண்டு. பட்டாசு ஆலைச் சாவுகளில் அரசு அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். குத்தகைக்கு விட்ட ஒவ்வொரு வழக்கிலும் உரிமதாரரை முதல் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டும்.