கிளீனர் இல்லாத கேபினில் ஒரு நாய்

மதுரை மாவட்டம் எழுமலையிலிருந்து பேரையூர், டி.கல்லுப்பட்டி வழியாகத் திருமங்கலம் போய் நான்கு வழிச்சாலையில் ஏறிவிட்டால், அதே 44-ஆம் எண் சாலை பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் என்று ஸ்ரீநகர் வரை போகிறது. லோடு இறக்கி, ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை ஏதோ ஒரு ஊரின் புறவழிச்சாலையில் காத்திருந்து, ஊர் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் கேபினில் இப்போது பெரும்பாலும் ஒற்றை ஆள்தான். அந்தத் தனிமைக்குத் துணையாக நாயை ஏற்றிக்கொள்ளலாமா என்று டிரைவர் கேட்டால், சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. நல்ல கேள்வி அது. பதிலை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

முன்பு லாரியில் கிளீனர் இருந்தார். டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பது என்று அவருக்கு ஆயிரம் வேலை. நள்ளிரவு தாண்டினால் பேச்சுக் கொடுத்து டிரைவரின் கண்ணை மூடவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்புதான். அப்படிக் கூடவே போய் வந்து, ஸ்டியரிங் பிடிக்கப் பழகி, டிரைவர் ஆனவர்கள் ஏராளம். நேஷனல் பெர்மிட் வண்டி என்றால் இரண்டு டிரைவர் கட்டாயம், மாற்று டிரைவர் கால் நீட்டிப் படுக்கப் பின்னால் முழு அகலத்துக்கு இருக்கை வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்லியிருந்தது. இரண்டு டிரைவர் என்ற நிபந்தனை 2018-இல் எடுக்கப்பட்டது. ஓனருக்கு ஒரு சம்பளமும் ஒரு பேட்டாவும் மிச்சம். டிரைவருக்குப் போனது பேச்சுத் துணை.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. சாலையில் நடப்பது வேறு. சேவ்லைஃப் அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டு லாரி டிரைவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிறார்கள். களைப்போ தூக்கமோ வந்தாலும் ஓட்டிக்கொண்டே போவதாக அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நாயால் ஆகக்கூடிய பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். காவல், பாசம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாயை இறக்கியாக வேண்டும். அது சிறுநீர் கழிக்கும், மண்ணை முகரும், பத்து நிமிடமாவது நடக்கும். அதைப் பிடித்துக்கொண்டு டிரைவரும் நடப்பார். இடுப்பு நிமிரும், காலில் ரத்தம் ஓடும், கண்ணுக்குத் தூரத்துப் பச்சை கிடைக்கும். ஓனர் போன் போட்டு விரட்டினாலும் நாயின் வயிறு காத்திருக்காது. சட்டம் எழுதி வைத்தும் நடக்காத ஓய்வு இப்படியாவது நடந்தால் நல்லதுதான்.

காவலையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. அசந்து தூங்கும்போது டீசலை உறிஞ்சுவதும், தார்ப்பாயைக் கிழித்து மூட்டையை உருவுவதும் நெடுஞ்சாலையில் பழைய கதைகள். அந்நியக் காலடிக்கு ஒரு குரைப்பு எழுந்தாலே திருட வந்தவன் அடுத்த வண்டியைப் பார்ப்பான். காவல் தெய்வத்தின் காலடியில் நாயையும் மண்ணில் செய்து நிறுத்துகிற பூமி இது. பாண்டி கோயிலில் கும்பிட்டுவிட்டு வண்டி எடுக்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டிரைவர் நாயோடு பயணம் போவதைப் பல சரக்கு நிறுவனங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, நாயின் எடைக்கு வரம்பு வைத்து அனுமதிக்கின்றன. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் தன் பூடில் நாய் சார்லியை ஒரு சிறு டிரக்கில் ஏற்றிக்கொண்டு அந்த நாட்டைச் சுற்றி வந்தார். அவர் எழுதிய பயண நூல் 1962-இல் வெளியானது. வழியில் சார்லிக்கு உடம்பு சரியில்லாமல் போய், முன்பின் தெரியாத ஊரில் அவர் கால்நடை மருத்துவரைத் தேட வேண்டியிருந்தது. நம் டிரைவர் கவனிக்க வேண்டிய பகுதி அதுதான்.

ஏனென்றால் நம் ஊர் வெயில் வேறு. நாயின் இயல்பான உடல் சூடே 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்து அது தணித்துக்கொள்ள முடியாது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். உடல் சூடு 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பழைய லாரிகளில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே மூடிபோட்டு உட்கார்ந்திருக்கும், சித்திரை மாதத்தில் பக்கத்தில் கை வைக்க முடியாது. அந்த மூடிமேல் சாக்கை விரித்து நாயைப் படுக்க வைப்பது கொடுமை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பில் வாங்கிவர அரை மணி நேரம் அதைத் தனியே விட்டுப் போவது அதைவிடக் கொடுமை, உயிரே போகும். 2025-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். அப்படிப்பட்ட வண்டி இருந்தால் மட்டும் கோடையில் நாயை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாயால் தாங்க முடியாத கேபினில் மனிதரைப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறோமே என்ற கோபம் எனக்கு உண்டு. அதை ஓனர்கள்தான் தீர்க்க வேண்டும்.

எந்த நாய்? எழுமலைக்குத் தெற்கே ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், மலை தாண்டி மேற்கே கோம்பை. பெயர்பெற்ற நாட்டு இனங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். ஆனாலும் கேபினுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பெரிய உடம்பு, வெள்ளைத் தோலுக்கு வெயில் ஆகாது, பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் அந்த இனத்தில் உண்டு. சிப்பிப்பாறை முயலைத் துரத்த வளர்ந்த இனம், அதற்கு ஓட வயல் வேண்டும். வாசலில் வளரும் நடுத்தர அளவு நாட்டு நாயே போதும். இரண்டு வயது தாண்டியதாக, கூட்டத்துக்கும் ஹாரனுக்கும் மிரளாததாக இருக்கட்டும். குட்டி வேண்டாம். வாந்தி எடுக்கும், வயரைக் கடிக்கும், தடுப்பூசி முடியாத வயதில் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றிக்கொண்டால் பிழைப்பது கஷ்டம். முதலில் உசிலம்பட்டிவரை, பிறகு மதுரைவரை கூட்டிப்போய் அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெளிமாநிலம்.

வண்டி ஓடும்போது நாய் டிரைவர் பக்கம் வரவே கூடாது. மார்புப் பட்டை மாட்டி, இடது பக்க இருக்கையிலோ பின் படுக்கையிலோ குட்டையாகக் கட்டிவிட வேண்டும். பிரேக் மிதியின் அடியில் அது புகுந்த அந்த ஒரு நொடியில் சாலையில் போகும் எத்தனையோ பேரின் உயிர் இருக்கிறது. ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக ஆளையோ பொருளையோ வைக்கக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 125-ஆம் பிரிவில் சொல்கிறது. மடியில் நாயை வைத்து ஓட்டினால் போலீஸ்காரர் கேட்பது நியாயம்.

சாப்பாட்டில் நம்மவர்கள் அன்பு மிகுந்து தவறுவது பரோட்டாவில்தான். சால்னாவில் ஊறிய துண்டை நாய்க்குப் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெறும் சோறு, தயிர், அவித்த முட்டை போதும், தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். மத்தியானத் தாரில் நடக்கவிடும்முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் வெந்துபோகும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும், அந்த அட்டை ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கட்டும். வழியில் தெருநாய்கள் சூழும் இடத்தில் இந்தத் தடுப்பூசி உங்கள் உயிருக்கும் சேர்த்துத்தான். உண்ணிக்கு மருந்து தடவுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண் தமிழகத்திலும் வேறு பல மாநிலங்களிலும் இருக்கிறது.

கிளம்புமுன் ஓனரிடம் கேட்டுவிடுங்கள். எரிவாயு, பெட்ரோல் ஏற்றும் இடங்களிலும், பல ஆலை வாசல்களிலும், துறைமுகத்திலும் நாயை உள்ளே விடமாட்டார்கள். அந்த லோடு எடுக்கிறவருக்கு நாய் ஒத்துவராது.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. டிரிப் மாறியது, வண்டி மாறியது, உடம்புக்கு முடியவில்லை என்று நாயை ஏதோ ஒரு தாபா வாசலில் இறக்கிவிட்டு வந்துவிடக் கூடாது. மகாபாரதத்தின் இறுதியில், நாய்க்கு இடமில்லை என்ற தேரில் ஏறமாட்டேன் என்று தருமர் நின்றார். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டமும், பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. நாயை வண்டியில் ஏற்றுமுன் வீட்டில் உட்கார்ந்து பேசி, டிரைவரால் முடியாத நாளில் யார் அதற்குச் சோறு வைப்பது, யார் ஊசிக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். யாரும் தயாராக இல்லை என்றால் நாய் வேண்டாம். அந்த இருக்கைக்கு இன்னொரு டிரைவரைப் போடச் சொல்லி ஓனரிடமும் சங்கத்திலும் கேளுங்கள்.