மலைக்காற்றின் மேல் பழி வேண்டாம்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வழியாகக் காவலூர் வரை நீளும் ஜவ்வாது மலைப்பாதையில் பைக் வெறும் பொழுதுபோக்கு வண்டி இல்லை. பேருந்து எண்ணி வரும் மலையூர்களில் சாமை மூட்டை கீழே இறங்குவதும், காய்ச்சல் கண்ட பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதும் பல நேரம் இரண்டு சக்கரத்தில்தான். அதே பாதையில் சனி, ஞாயிறுகளில் ஆல்டர் செய்த புல்லட்டுகளும் ஏறுகின்றன. சைலன்சர் மாற்றி, ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, ஹெட்லைட்டை எல்.இ.டி. ஆக்கி, சட்டத்துக்குப் புதுப் பெயிண்ட் ஏற்றிய வண்டிகள் அவை. இப்படிப்பட்ட வண்டி கீழே ஒரே உதையில் கிளம்பிவிட்டு, மேலே ஒரு ராத்திரி நின்றபின் காலையில் இருபது உதை வாங்கியும் அசையாமல் நின்றால், வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம் ஒன்று உண்டு: மலைக்காற்று. காற்று மெலிசு, அதனால் இன்ஜின் மூச்சு வாங்குகிறது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்கவில்லை.

போளூர் கடல்மட்டத்துக்கு மேல் 200 மீட்டருக்குள் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரின் உயரம் 725 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி குறைவது சுமார் ஐந்து சதவீதம். கார்பரேட்டர் வண்டியில் அதனால் பெட்ரோல் கலவை கொஞ்சம் கெட்டிப்படும். அதுவும் மூன்று சதவீதத்தைத் தாண்டாது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சோக்கை இழுத்து நாமே வேண்டுமென்று கலவையைக் கெட்டிப்படுத்துகிறோம். அப்படியிருக்க மலை கெட்டிப்படுத்திக் கொடுத்த கலவையில் வண்டி ஏன் கிளம்ப மறுக்க வேண்டும்? மலையில் உண்மையான வித்தியாசம் உயரத்தைவிடக் குளிரில் இருக்கிறது. குளிரில் பெட்ரோல் ஆவியாவது குறையும், ஆயில் கெட்டிப்பட்டு இன்ஜின் சுற்றச் சிரமப்படும், பேட்டரியின் தெம்பும் இறங்கும். ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி இதே குளிரைத் தாங்கிக்கொண்டு கிளம்புகிறது. மணாலியிலும் லடாக்கிலும் இதைவிடப் பல மடங்கு கடுமையான குளிரில் கிளம்புகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. குளிரைத் தாங்க வண்டிக்குள் வைத்திருந்த உபரித் தெம்பை ஆல்டர் செய்யும்போது எங்கே செலவழித்தோம் என்பதுதான் அது.

ஆல்டர் செய்த வண்டியின் ஸ்டார்ட்டிங் கோளாறு பெரும்பாலும் ஒரு பாகம் கெட்டதால் வருவதில்லை. நல்ல பாகங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வருகிறது. அதனால்தான் பிளக்கை மாற்று, காயிலை மாற்று, பேட்டரியை மாற்று என்று வரிசையாக மாற்றிக்கொண்டு போகும் வழி இந்த வண்டிகளில் தோற்கிறது. புதிய பிளக்கும் பழைய பிளக் பார்த்த அதே கலவையைத்தான் பார்க்கப்போகிறது. முதலில் எழுத வேண்டியது என்ன மாறியது, எப்போது மாறியது, கோளாறு எப்போது தொடங்கியது என்ற பட்டியலை. பாதி வழக்கு அந்தப் பட்டியலிலேயே தீர்ந்துவிடும். அதில் நம் கையால் நடக்காத மாற்றத்தையும் சேர்க்க வேண்டும். 2023-இல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் (இ20) இப்போது நாடெங்கும் வந்துவிட்டது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 கிலோ போதும். பழைய ஜெட் போட்ட கார்பரேட்டர் இதை அறியாது. அதே அளவு பெட்ரோலைத்தான் விடும், கலவை மெலிந்துபோகும். கணக்கில் இது எட்டு சதவீதம் வரை போகிறது. மலை செய்யும் மாற்றத்தைவிடப் பெட்ரோல் பங்க் செய்த மாற்றம் பெரிது, அதுவும் எதிர்த்திசையில். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் அது அடியில் தங்கும். முதலில் கார்பரேட்டருக்குப் போவதும் அந்த அடித்தண்ணீர்தான். பழைய டேங்கில் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து பைலட் ஜெட்டில் அடைப்பதும், பழைய ரப்பர் டியூபைக் கெடுப்பதும் இதோடு சேரும்.

இங்கே புல்லட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் ஆல்டர் கலைக்கு அதுதான் முதல் களம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் தயாரித்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. கொண்ட அந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. அந்தப் பழைய புல்லட்டின் ஹெட்லைட் கூண்டின் மேல் ஒரு சின்ன ஆம்ப் மீட்டர் இருக்கும். அழகுக்கு வைத்ததல்ல அது. சாவியைத் திருப்பியதும் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால் பாயிண்ட் மூடியிருக்கிறது, காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று பொருள். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை மெல்ல அழுத்தும்போது முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது. பிஸ்டன் மேலே வந்துவிட்டது. லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரு முழு உதை. முள் அசையவே இல்லை என்றால் உதைத்துப் பயனில்லை. சாவி, ஃபியூஸ், வயர், பாயிண்ட் இவற்றில் எங்கோ தடை. அதாவது காலை வலிக்கவைக்கும் முன்பே கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும் கருவியை அந்தக் காலத்து ஆட்கள் கண்ணெதிரே பொருத்தி வைத்திருந்தார்கள். ஆல்டர் செய்யும்போது பலரும் முதலில் கழற்றி எறிவது அந்தக் கூண்டைத்தான். கூண்டோடு மீட்டரும் போகிறது, அது சொல்லிவந்த செய்தியும் போகிறது. இந்த இழப்பை யாரும் பெரிதாகப் பேசாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது மூச்சு வரும் வழியும் போகும் வழியும். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிக் கூம்பு வடிவ ஃபில்டர் மாட்டினால் காற்று எளிதாக உள்ளே வரும், உறிஞ்சும் இழுப்பு குறையும். அதனால் ஜெட் வழியே வரும் பெட்ரோலும் குறையும். கூடவே திறந்த சைலன்சர் போட்டால் இன்னும் மெலியும். ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பது பெரும்பாலும் இந்த மெலிந்த கலவையின் குரல். பலர் அதை வேகத்தின் அழகு என்று ரசிக்கிறார்கள். பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருந்தால் மெலிவு, கரி பிடித்துக் கறுத்திருந்தால் கெட்டி, காப்பிப் பழுப்பாக இருந்தால் சரி. போளூர் வெயிலில் மெலிந்த கலவையும் பற்றிக்கொள்ளும், அதனால் கோளாறு தெரிவதில்லை. இ20 இன்னும் மெலிய வைக்கிறது. குளிர் ஆவியை இன்னும் குறைக்கிறது. ஜமுனாமரத்தூரின் காலை ஆறு மணிக்கு எல்லாம் கூடி வண்டி நிற்கிறது. மலை இங்கே செய்தது ஏற்கெனவே இருந்த கடனைக் கேட்டது மட்டும். பைலட் ஜெட்டை ஒரு அளவு கூட்டி, டியூனிங் ஸ்க்ரூவைச் சரிசெய்தால் பல வண்டிகள் திருந்திவிடும். பி.எஸ். 6 விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் கலவையைத் தானே திருத்தும். ஆனால் இன்ஜினும் சென்சாரும் சூடேறிய பிறகுதான் அந்தத் திருத்தம் நடக்கும். கிளம்பும் அந்தச் சில நொடிகளுக்கு கம்ப்யூட்டர் கம்பெனி எழுதிவைத்த அளவையே நம்புகிறது, அந்த அளவு எழுதப்பட்டதோ பழைய சைலன்சருக்கும் பழைய ஃபில்டருக்கும்.

கரண்ட் பக்கம் கோளாறு இன்னும் மறைவானது. சட்டத்துக்கு பவுடர் கோட்டிங் அடித்த வண்டிகளில் எர்த் வயர் பிடிக்கும் போல்டின் அடியில் பெயிண்ட் படர்ந்திருக்கும். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. லைட் எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் அமுக்கினால் டிக்டிக் என்று ரிலே மட்டும் அடிக்கும். பேட்டரி போய்விட்டது என்று புதியது வாங்கி வைப்பார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மீண்டும் அதே கதை. செல்ஃப் அமுக்கும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? அப்படியானால் எர்த் பாதையில் தடை; உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் போதும், பைசா செலவில்லை. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் சுற்றும்போது பத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, வண்டி ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் ஏற வேண்டும். மூன்றாவது எண் வரவில்லை என்றால் பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கூடுதலாக மாட்டிய அலாரம், ஜி.பி.எஸ்., மொபைல் சார்ஜர் எல்லாம் சாவி அணைந்தபின்னும் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 9 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி. தெம்பில்லாத பேட்டரியை வைத்துக்கொண்டு செல்ஃபை அமுக்கிக்கொண்டே இருப்பது வேறொரு செலவையும் இழுத்துவரும்: இன்ஜின் பின்னுக்கு உதைத்து ஸ்ப்ராக் கிளட்ச் உடையலாம், அதற்கு இன்ஜின் பக்க மூடியையே பிரிக்க வேண்டும்.

இவற்றில் எது என்று பிரித்தறிய, கோளாறு வரும் நேரமே நல்ல சாட்சி. குளிர்ந்த காலையில் மட்டும் என்றால் கலவையையும் பேட்டரியையும் பார்க்கலாம். சூடாக நிறுத்தி அரைமணி கழித்து மட்டும் என்றால், பழைய வண்டியில் கண்டென்சரும், புதிய வண்டியில் பல்சர் காயிலும், இரண்டிலும் டேப்பெட் இடைவெளியும் சந்தேகத்துக்கு உரியவை. சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாவிட்டால் கம்ப்ரஷன் போய்விடும். மழைக்குப் பின் மட்டும் என்றால் பிளக் கேப், வயரிங் மூட்டுகள். கொஞ்ச தூரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்து மூடியதும் கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பிறகு சோதனை: ஸ்பார்க் இருக்கிறதா, பெட்ரோல் வந்து சேர்கிறதா, கம்ப்ரஷன் காலில் தெரிகிறதா. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் கில் ஸ்விட்ச், ஃபியூஸ், ரிலே என்று பின்னோக்கிப் போகலாம். வயரிங்கை வெட்டி ஒட்டிய வண்டியில் சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச்சையும் மறக்கக்கூடாது. ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கின் உடம்பு இன்ஜினோடு உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் பெட்ரோல் வாசனையே இருக்கக்கூடாது. முன்னதை மீறினால் ஸ்பார்க் கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டி போகும், பின்னதை மீறினால் கை போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றி வண்டி கிளம்பினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், அடுத்த குளிர்காலத்தில் அதே இருட்டில் நிற்க நேரும்.

இதற்கு மறுப்பு உண்டு. முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த மேஸ்திரிக்கு மீட்டர் எதற்கு, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார் என்பது முதல் மறுப்பு. அந்தக் காது பெரிய சொத்து, அதை மதிக்காமல் எழுதவில்லை. ஆனால் அந்தக் காது பழகியது ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் புல்லட்டுகளில். ஆல்டர் வண்டி ஒவ்வொன்றும் தனி ரகம். அதன் சரியான சத்தம் எது என்பதே யாருக்கும் தெரியாதபோது தவறான சத்தத்தை எப்படிப் பிரிப்பது? அங்கே எண் தேவைப்படுகிறது. மலையூரில் கருவிக்கு எங்கே போவது என்பது இரண்டாவது மறுப்பு. சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். அதுவும் இல்லையென்றால் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சுற்றினால் டெஸ்ட் லாம்ப் தயார். கரண்ட் எதுவரை வந்து எங்கே நிற்கிறது என்று அது காட்டிவிடும். தவறாக வாங்கிய ஒரு பேட்டரியின் விலையில் இவை பல வாங்கலாம்.

மூன்றாவது மறுப்பு கனமானது: இவ்வளவு தொல்லை ஏன், ஆல்டர் செய்வதையே விட்டுவிட்டால் என்ன? சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தது. இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். ஊரை எழுப்பும் சைலன்சருக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. காட்டை ஒட்டிய ஊர்களில் அது கூடவே கூடாது. ஆனால் கையால் ஒன்றைச் செய்துபார்க்கும் ஆசையைக் குற்றமாக எண்ணவும் மனம் வரவில்லை. சீட்டு, ஹேண்டில்பார் கைப்பிடி, கேரியர் போன்றவை இன்ஜினின் மூச்சைத் தொடுவதில்லை. தொடுவது ஃபில்டரும் சைலன்சரும் வயரிங்கும்தான். சட்டச் சிக்கலும் பெரும்பாலும் அங்கேயே வருகிறது, ஸ்டார்ட்டிங் கோளாறும் அங்கேயே வருகிறது. அதனால் ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றிய ஏர் ஃபில்டர் டப்பாவையும் பழைய சைலன்சரையும் இரும்புக்கடைக்குப் போட்டுவிட வேண்டாம். மலைக்குப் போய்த் திணறிய வண்டியில் அவற்றைத் திரும்ப மாட்டி, வேறெதையும் தொடாமல், ஒரு ராத்திரி நிறுத்திக் காலையில் உதைத்துப் பாருங்கள். கிளம்பினால் கலவைதான் காரணம், ஜெட்டை மாற்றிக்கொள்ளலாம். கிளம்பாவிட்டால் கார்பரேட்டரை மறுபடி பிரிக்காமல், நேரே எர்த் போல்டுக்குப் போங்கள்.