சோதனையும் சிகிச்சையும் மலையேறட்டும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பைத் திட்டமிடுகிறவர்கள் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பரிசோதனைக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு இன்னொரு நாள் என்று நாமக்கல்லுக்கு அலையவிட்டால், வலியே தெரியாத ஒன்றுக்காகக் கூலியை விட்டுவிட்டு எத்தனை பெண்கள் இறங்கி வருவார்கள்? மூன்றும் மலையிலேயே, முடிந்தால் ஒரே நாளில் முடிய வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. 2000-ல் தொடங்கிய திண்டுக்கல் ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து வெறும் கண்ணால் பார்த்தார்கள். திசு கெட்டிருந்தால் வெள்ளைத் திட்டு தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அப்போதே உறையவைக்கும் சிகிச்சை. 31,000-க்கும் அதிகமானோருக்கு ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனையால் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. கண்ணால் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறுமே என்றால், அது நியாயமான கேள்வி. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில் (2009) இந்த முறை சாவைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான சோதனையோ சாவை ஏறத்தாழப் பாதியாக்கியது. அதற்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துத் தரலாம். காசநோய்க்குப் பயன்படும் ட்ரூநாட் கருவியிலேயே அன்றைக்கே முடிவு பார்க்கலாம். பேட்டரியில் இயங்கும் வெப்ப சிகிச்சைக் கருவிக்கு, உறையவைக்கும் சிகிச்சைக்குத் தேவைப்படும் கேஸ் சிலிண்டரும் வேண்டாம். புற்றுநோய் என்று சந்தேகம் எழுந்தவர்கள் மட்டும் கீழே இறங்கினால் போதும்.

எச்.பி.வி. தடுப்பூசிதான் வந்துவிட்டதே என்பார்கள். 14 வயதுச் சிறுமிகளுக்காகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் ஊசி இனி வரும் தொற்றைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே குடியேறிய வைரஸை விரட்டாது. 30 வயதைத் தாண்டிய தாய்மார்களுக்குச் சோதனைதான் வழி. தமிழகத்தில் அதை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

பழங்குடிகளிடம் பரீட்சை பார்க்கிறார்கள் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-ல் நடந்த எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில், பல பழங்குடி மாணவிகளுக்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். அடுத்து நேர்ந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு கருதியது. ஒப்புதல் பெற்ற விதத்தில் குறை கண்டது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சோதனையையே விலக்கி வைப்பது அதற்குப் பரிகாரம் ஆகாது. ஊருக்குள் போய் விளக்கி, வேண்டாம் என்பவரை விட்டுவிடுவதுதான் பரிகாரம்.

இந்தப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்த மூன்று இலக்குகளில் கடைசி, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. மாவட்ட நிர்வாகம் முகாமுக்கு வந்தவர்களின் தலையை எண்ணினால் போதாது. பாசிட்டிவ் ஆனவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். மலையில் திட்டம் வென்றதா தோற்றதா என்பதை அந்த ஓர் எண்தான் காட்டும்.