பழைய இயந்திரத்தின் மறுவாழ்வு

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் ஆண்டாளின் பெருந்தேர் அசைந்து வரும். அதன் மரச் சிற்பங்கள் தச்சர்களின் கைத்திறனுக்குச் சான்றாக விளங்குகின்றன. அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இராஜபாளையம். அங்கே பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டு நூற்பாலை ஒன்றை நிறுவினார். ஆலைத் தொழில் வளரும் ஊரில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் திறனும் உடன் வளர்வது இயல்பு. மரம் அறிந்த கையும் இரும்பு அறிந்த கையும் கூடிச் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. பழைய மர இழைப்பு இயந்திரத்தை வாங்கிச் செப்பனிடுதலே அப்பணியாகும்.

இழைப்புளியின் வேலையை இயந்திரத்தால் செய்ய இயலும் என்று கண்டவர்களுள் இங்கிலாந்து நாட்டுச் சாமுவேல் பெந்தாம் ஒருவர். 1791-ஆம் ஆண்டு அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்ப் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கப்பல்களுக்கான கப்பிகளைச் செய்ய இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. 110 பேர் செய்த வேலையை அங்கே 10 பேரே செய்து முடித்தனர்.

இழைப்பு இயந்திரத்தின் அமைப்பு எளியது. வார்ப்பிரும்புப் பலகைகள் இரண்டு ஒரே வரிசையில் இருக்கும். அவற்றின் நடுவே கத்திகள் பொருத்திய தலை விரைந்து சுழலும். அதன்மேல் மரத்தைத் தள்ளினால் மேடு பள்ளம் நீங்கி மரம் சமமாகும்.

பழைய இயந்திரத்தை வாங்குவோர் அதன் துருவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. புது வண்ணத்தைக் கண்டு மயங்கவும் கூடாது. மண்பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதுபோல, வார்ப்பிரும்பைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். தெளிந்த ஓசை நலத்தைக் காட்டும். மங்கிய ஓசை விரிசலின் அறிகுறியாகலாம். அடுத்து, நேரான சட்டம் ஒன்றைப் பலகையின்மேல் நிறுத்தி, அதன் அடியில் ஒளி புகுகிறதா என்று நோக்க வேண்டும். சுழல்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், அதைத் தாங்கும் பகுதியின் தேய்வு புலப்படும்.

மேலே படிந்த துரு, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் அகலும். மிகப் பழைய இயந்திரங்களில் தண்டைத் தாங்குவது வெள்ளீயக் கலப்புலோகமாகும். இது 1839-ஆம் ஆண்டு ஐசக் பாபிட் என்பவரால் உருவாக்கப்பட்டது. தேய்ந்ததை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வார்க்கலாம். ஆனால் அச்சில் சிறிது ஈரம் இருப்பினும் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும். ஆதலின் இது பயின்றவர் செய்யவேண்டிய வேலை.

எல்லாப் பழமையும் போற்றத்தக்கதன்று. முற்கால இயந்திரங்கள் பலவற்றில் கத்தித் தலை சதுர வடிவில் இருந்தது. அதன் பக்கங்களுக்கும் பலகைக்கும் இடையே அகன்ற இடைவெளி உண்டு. விரல் வழுக்கினால் அவ்விடைவெளி கையையே உள்ளிழுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய உருளைத் தலை அவ்விடைவெளியைச் சுருக்கிற்று. காயத்தின் ஆழமும் குறைந்தது. எனவே சதுரத் தலையைக் கழித்து, தேர்ந்த பட்டறையில் செய்த உருளைத் தலையைப் பொருத்துதல் கட்டாயமாகும். கத்தியை மூடும் காப்பு, வார்ப்பட்டைக்கு உறை, மின்னோடிக்கு நில இணைப்பு ஆகியவையும் இன்றியமையாதன. சிறு மரத்தைத் தள்ளுவதற்குக் கையன்று, தள்ளுகட்டையே வேண்டும்.

செப்பனிட்டபின் மரம் இடாமலே இயந்திரத்தை ஓட்டி, ஒதுங்கி நின்று ஓசையைக் கேட்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துச் சுழற்சி நின்றபின், தண்டைத் தாங்கும் பகுதியைத் தொட்டு அதன் வெப்பத்தை அறிதல் வேண்டும். ஓசை சீராகி, வெப்பமும் மிகாதிருந்தால் முதல் மரத்தை இழைக்கலாம்.

முன்னோர் வார்த்த இரும்பைக் காப்பது சிக்கனம். அவர்கள் அறியாத காப்பை அதனுடன் சேர்ப்பது அறிவு. இரண்டும் சேர்ந்தால்தான் பழைய இயந்திரம் பட்டறைக்குத் துணையாகும்; தச்சரின் பத்து விரல்களும் பழுதின்றி இருக்கும்.