508: தேடலில் காணாமல் போகும் கடைகள்

வெப்சைட் கூகுளில் பின்னுக்குப் போய்விட்டது என்றதும் கடைக்காரர்கள் முதலில் எஸ்இஓ ஆளைத் தேடுகிறார்கள். நான் முதலில் திறப்பது, ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் இருக்கும் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ பக்கத்தை.

ஈரோடு, பவானி, சென்னிமலைப் பக்கம் ஜமக்காளமும் போர்வையும் விற்கிற கடைகளின் வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். “ஜமக்காளம்னு தேடுனா நம்ம கடை மொதப் பக்கத்துல வந்துட்டு இருந்துச்சுங்க தம்பி. இப்ப எங்க போச்சுன்னே தெரியலீங்க” என்று தீபாவளி நெருங்கும்போது போன் வரும். மாதக் கட்டணத்தில் எஸ்இஓ பேக்கேஜ் ஒன்று எடுக்கலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். கடையின் பக்கத்தைத் திறக்க கூகுள் வந்தபோது சர்வர் என்ன பதில் சொன்னது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது.

சிறு கடைகள் எடுப்பது பெரும்பாலும் ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் பல வெப்சைட்டுகள் குடியிருக்கும். ஒருவர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளாதபடி, பல நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் என்ற மென்பொருள் மூலம் ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு வைக்கின்றன. சிபியு, மெமரி, டிஸ்க் வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவு. விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்று பெரிதாக இருப்பது இடமும் டேட்டாவும்தான். இந்த வரம்புகளைப் பிளான் பட்டியலில் தேடித்தான் எடுக்க வேண்டும். சிபியு வரம்பைத் தொட்டால் தளம் மெதுவாகும். மெமரி தீர்ந்தால் 500 அல்லது 503 பிழை வரும்.

எங்கள் மாதிரிக் கடைகளைப் பெரும்பாலும் வீழ்த்துவது ‘என்ட்ரி பிராசஸ்’ என்ற வரம்பு. ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைத் தளம் கையாளலாம் என்ற கணக்கு அது. 20 என்பது பரவலாக இருக்கும் அளவு. கல்யாணப் பந்தியில் இருபது இலைதான் போட முடியும் என்றால், சாப்பிடுகிறவர் எவ்வளவு சீக்கிரம் எழுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் தயாரிக்க 2 விநாடி ஆனால், விநாடிக்கு 10 பேருக்கு மேல் தாங்காது. 0.2 விநாடியில் முடிந்தால், அதே இருபதில் 100 பேரைப் பார்க்கலாம். இருபதும் நிரம்பியிருக்கும்போது வருகிறவருக்கு 508 பிழை.

வருகிறவர் வாடிக்கையாளரானால் ஒரு விற்பனை போகும். கூகுளுக்காகப் பக்கங்களைப் படிக்கும் கூகுள்பாட் ஆனால் சேதம் பெரியது. சர்வர் வேகமாகப் பதில் சொன்னால் அது அதிகம் படிக்கும். தாமதமோ, 500, 503, 508 போன்ற 5 வரிசைப் பிழைகளோ வந்தால் வருகையைக் குறைத்துக்கொள்ளும். ஓரிரு மணி நேரக் கோளாறு பெரிதல்ல. நாள் கணக்கில் நீடித்தால், ஏற்கெனவே பட்டியலில் இருந்த பக்கங்களையும் கூகுள் எடுத்துவிடும். எந்தப் பக்கங்களைப் பாட்கள் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்புக்கே 5 வரிசைப் பிழை வந்தால், முதல் 12 மணி நேரம் அந்தத் தளத்தைப் படிப்பதையே நிறுத்திவிடும்.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். சுமையைக் குறைக்கிறோம் என்று ஹோஸ்டிங்காரர்கள் ஃபயர்வாலை இறுக்க, அதில் உண்மையான கூகுள்பாட்டும் சிக்கி, ‘அனுமதி இல்லை’ என்ற 403 பிழையை வாங்கிக்கொண்டு திரும்பியது. 403 என்றால் அந்தப் பக்கமே இல்லை என்றுதான் கூகுள் எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் தன் போனில் திறந்தால் தளம் நன்றாகத் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. கூகுள் சர்ச் கன்சோலின் கிரால் ஸ்டாட்ஸ் அறிக்கையைப் பார்த்தால்தான் விஷயம் வெளிப்படும். சராசரிப் பதில் நேரமும் பிழைகளின் பங்கும் அங்கே நாள்வாரியாக இருக்கின்றன.

இத்தனை கோரிக்கைகள் ஒரு போர்வைக் கடைக்கு எங்கிருந்து வருகின்றன? பாதி விடை ஃபில்டரில் இருக்கிறது. 6 நிறம், 4 அளவு, 5 விலை வரம்பு, வூகாமர்ஸின் 6 வரிசைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரிவுக்கு 720 முகவரிகள் பிறந்துவிடும். அவற்றில் இருப்பதோ அதே போர்வைகள். பாட்கள் சளைக்காமல் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸ் புதிதாகத் தேட வேண்டும். இப்போது ஏஐ நிறுவனங்களின் பாட்களும், கூகுள்பாட் என்று பொய்ப்பெயர் போட்டு வருபவையும் சேர்ந்துகொள்கின்றன. வந்தது உண்மையான கூகுள்பாட்தானா என்று ஐபி முகவரியின் ரிவர்ஸ் டிஎன்எஸ் பார்த்து உறுதிசெய்யலாம்.

ஃபில்டர் முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் மறிப்பதும், ஒருமுறை தயாரித்த பக்கங்களைக் கேஷ் செய்து வைப்பதும்தான் நான் முதலில் செய்யும் வேலைகள். கேஷில் இருக்கும் பக்கத்துக்கு டேட்டாபேஸைத் தொட வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் அவ்வப்போது தானாகச் செய்யும் கிரான் வேலையையும் பார்வையாளர் வருகையிலிருந்து பிரித்து, சர்வரின் கிரானில் போட்டுவிடுவேன். பல கடைகளுக்கு இதுவே போதும், பிளானை மாற்ற வேண்டியதில்லை.

வேகம் தரவரிசையில் சேருமா என்றும் கேட்பார்கள். சேரும். 2010இல் கணினித் தேடலுக்கும் 2018இல் மொபைல் தேடலுக்கும் கூகுள் அதைச் சேர்த்தது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிவது நல்லது என்பது அவர்கள் சொல்லும் அளவு. ஆனால் அது பல காரணிகளில் ஒன்றுதான். வேகமான வெற்றுப் பக்கம் நல்ல பக்கத்தை ஜெயிக்காது. கூகுள் அதிகமுறை வந்து படிப்பதாலேயே இடம் உயர்ந்துவிடுவதும் இல்லை. கூகுள் ஒரு தளத்தில் எவ்வளவு படிக்கும் என்ற ‘கிரால் பட்ஜெட்’டைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். லட்சக்கணக்கில் பக்கம் உள்ளவர்களும், தினமும் ஆயிரக்கணக்கில் பக்கம் மாறுகிறவர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம் அது. சின்னக் கடையின் கவலை ஒன்றே ஒன்றுதான்: பிழை வரக் கூடாது.

எல்லாம் செய்தும் வரம்பு நிரம்பினால், பெரிய பிளானுக்கோ, தனி வளங்கள் கொண்ட விபிஎஸ்ஸுக்கோ மாறத்தான் வேண்டும். அதை ஐப்பசியில் செய்யாதீர்கள். புதிய சர்வருக்குப் போனதும் அது எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால், கூகுள்பாட் கொஞ்ச நாள் வருகையைக் குறைத்து, பிறகுதான் மெல்லக் கூட்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்ததும், பழைய முகவரி எவ்வளவு நேரம் நினைவில் இருக்கும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை ஒரு வாரம் முன்பே குறைத்து வைத்து, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு ராத்திரியில் மாற்றுங்கள். பழைய சர்வரின் லாகில் கூகுள்பாட் வருவது முழுவதும் நின்ற பிறகு அந்தக் கணக்கை மூடலாம்.