மாஸ்டருக்கு எப்போது லீவு?

சப்ளையர் சட்னியை மறந்தால், தோசை கேட்டவருக்குப் பரோட்டாவைக் கொண்டுவந்து வைத்தால், ‘வேலையில கவனமே இல்ல’ என்கிறோம். கல்லாவில் இருப்பவரும் அதையேதான் சொல்கிறார். அந்த ஆள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று இருவருமே கேட்பதில்லை.

தேனி மாவட்டத்தில், கண்டமனூர் தாண்டி வருசநாடு போகும் சாலையில் உள்ள கடமலைக்குண்டு போன்ற ஊர்களில், முதல் பஸ் வருவதற்கு முன்பே டீக்கடை பாய்லர் சூடாகிவிடும். பரோட்டாக் கல் அணைய இரவு பத்து, பத்தரை ஆகும். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மணி நேரம் ‘பிரேக்’. பேருக்குத்தான் அது ஓய்வு. ராத்திரி சால்னாவுக்கு வெங்காயம் உரிப்பதும், மைதா பிசைந்து உருண்டை போடுவதும் அப்போதுதான். கார்த்திகை, மார்கழியில் தேனி - கம்பம் - குமுளி சாலைக் கடைகளில் இந்த ‘பிரேக்’கும் கிடையாது. ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நள்ளிரவிலும் வந்து நிற்கும். கூட்டம் கூடினாலும் ஆள் கூடுவதில்லை. இருக்கிறவர்களே படி கொஞ்சம் கூட வாங்கிக்கொண்டு விடிய விடிய நிற்கிறார்கள்.

இப்படி ஓய்வில்லாத வேலையால் வரும் சோர்வை மூன்றாகப் பிரித்து அளக்க, 1981-இல் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் ஓர் அளவுகோல் தந்தார். மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகவே பார்க்காமல் போவது, தன் வேலையில் எதையும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. இரண்டாவதைத்தான் நாம் ‘சிடுமூஞ்சி’ என்று திட்டுகிறோம். பதினான்கு மணி நேரம் நின்றவருக்கு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் வெறும் டேபிள் நம்பராகத்தான் தெரிவார். 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் இந்தச் சோர்வை, சரியாகக் கவனிக்கப்படாத பணிச்சூழல் அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. ஆளின் குணத்தில் குறை தேடுவதை முதலில் விட வேண்டும்.

வாரம் ஒருநாள் விடுமுறை என்பது 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. 24 மணி நேரமும் கடை திறக்க 2019-இல் அனுமதித்த அரசாணை, ஓவர்டைம் சேர்த்தும் வாரத்துக்கு 57 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. ஆனால் அந்த ஆணை பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு. நாலைந்து பேரை வைத்து நடக்கும் சாலையோரக் கடை அந்தக் கணக்கில் வராது.

சின்னக் கடை முதலாளிக்கும் கஷ்டம் உண்டு. பல இடங்களில் அவரும் அதே கல்லின் முன்னால்தான் நிற்கிறார். ஆனாலும், முறை வைத்து ஒவ்வொருவருக்கும் வாரம் ஒருநாள் சம்பளத்தோடு லீவு விடக் கடையை மூட வேண்டியதில்லை. பக்கத்துக் கடைகள் இரண்டு மூன்று சேர்ந்து மாற்று மாஸ்டர் ஒருவரைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். அவரை ஐப்பசியிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மாலை போடும் நாள் வந்துவிட்டால் ஆள் கிடைக்காது.