அஞ்சடியில் வண்ணச் சேம்பு



பந்திங் வட்டாரத் தோட்டங்களில் அஞ்சடிக்கு அழகு தரும் செடிகளுள் ஒன்று வண்ணச் சேம்பு. மலாய்க்காரர்கள் கெலாடி என்பார்கள். நம் சேப்பங்கிழங்குக்கு உறவுதான். பூர்வீகம் தென் அமெரிக்கா. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது சில வகைகள் நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விலை போயின. நமக்கு அந்தப் பந்தயம் வேண்டாம். அண்டை வீட்டில் ஒரு கிழங்கு கேட்டு வாங்கினால் போதும்.

இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சையான இடமே செடிக்கு அடுப்பங்கரை. உணவு சமைக்கும் பச்சையம் அங்கேதான் நிறைய இருக்கிறது. வெள்ளை கூடக்கூட வளர்ச்சி மெதுவாகும். உச்சி வெயிலில் கருகியும் விடும். காலை வெயில் போதும்.

நம் பக்கத்துக் களிமண் நீரைப் பிடித்துவைத்துக் கிழங்கை அழுக வைக்கும். மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, டின்னின் அடியில் துளை போடுங்கள். கீழே தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரை அடிக்கடி கொட்டிவிடுங்கள். டிங்கிக் கொசு அங்கேதான் முட்டையிடும். இலையெல்லாம் உதிர்ந்துவிட்டால், செத்தது என்று எறிந்துவிடாதீர்கள். கிழங்கு உறங்குகிறது; பிறகு துளிர்க்கும்.

தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். இச்செடி முழுவதிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. தவழும் பிள்ளை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். சேப்பங்கிழங்குதானே என்று வேகவைத்தும் தின்னக்கூடாது. பிள்ளை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுங்கள். வீக்கம் கண்டாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செடியைக் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.